ஜப்பானில் அயல்நாட்டு உரிமத்துடன் வாகனம் ஓட்டுதல்

ஜப்பானுக்குச் சுற்றுலாவாகவோ குறுகிய காலப் பணிக்காகவோ செல்பவர், அந்நாட்டு உரிமம் எடுக்காமலே அங்கே கார் ஓட்டலாம். 1949 செப்டம்பர் 19 அன்று ஜெனீவாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை இதற்கு இடம் தருகிறது. இந்தியாவும் இலங்கையும் அதன் உறுப்பு நாடுகள். ஜப்பான் 1964இல் இணைந்தது.

இந்த உடன்படிக்கையின் கீழ் சொந்த நாடு வழங்கும் சிறு கையேட்டைத் தமிழ்நாட்டில் சர்வதேச ஓட்டுநர் உரிமம் என்றும், இலங்கையில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் என்றும் சொல்கிறார்கள். பெயர் இப்படி இருந்தாலும் அது தனி உரிமம் அன்று. கையில் உள்ள உரிமத்துக்குப் பல மொழிகளில் எழுதிய சான்று மட்டுமே. எனவே மூல உரிமத்தையும் கடவுச்சீட்டையும் உடன் வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் படிவம் 4ஏ வழியாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். பழகுநர் உரிமம் உள்ளவருக்குக் கிடைக்காது.

பலரும் தடுமாறுவது உடன்படிக்கையின் ஆண்டில்தான். 1968இல் வியன்னாவில் உருவான பிற்கால உடன்படிக்கையில் ஜப்பான் சேரவில்லை. அதன் வடிவில் அமைந்த சான்று எவ்வளவு முறையானதாக இருந்தாலும் அங்கே செல்லாது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், பெல்ஜியம், மொனாக்கோ, தைவான் ஆகியவற்றின் உரிமங்களுக்கு மட்டும் வேறு வழி உண்டு: மூல உரிமத்துடன், அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு செய்த ஜப்பானிய மொழிபெயர்ப்பை வைத்திருந்தால் போதும். ஜப்பான் வாகன ஓட்டிகள் கூட்டமைப்பான ஜாஃப் அந்த மொழிபெயர்ப்பைச் செய்து தருகிறது. ஆகவே சூரிச்சிலோ பாரிசிலோ வாழும் ஈழத்தமிழர் ஒருவருக்குத் தேவைப்படும் தாள் வேறு, சென்னையிலிருந்து செல்பவருக்குத் தேவைப்படும் தாள் வேறு. பயணச் சீட்டு வாங்கும்போதே இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது. வாடகைக் கார் நிலையத்தில் போய் நின்ற பிறகு திருத்திக்கொள்ள வழியில்லை.

ஜப்பானுக்குள் நுழைந்த நாளிலிருந்து ஓராண்டு, அல்லது சான்று காலாவதியாகும் நாள், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரையே அனுமதி. குடியிருப்பாளராகப் பதிவு செய்துகொண்டவர் மூன்று மாதத்துக்குள் வெளிநாடு போய்த் திரும்பினால் அந்த ஓராண்டு புதிதாகத் தொடங்காது. தங்கி வாழ்பவர் தம் உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்றிக்கொள்ளலாம். 2025 அக்டோபர் முதல் அந்த மாற்றத்துக்கான எழுத்துத் தேர்வு 10 கேள்வியிலிருந்து 50 கேள்வியாக உயர்ந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த வாய்ப்பும் நின்றுபோனது.

ஒரு நாட்டின் சாலைகள் அனைத்திலும் வாகனங்கள் ஒரே பக்கமாகச் செல்ல வேண்டும் என்பதும் 1949 உடன்படிக்கையின் விதி. அமெரிக்க ஆட்சியில் இருந்த ஒகினாவா 1972இல் ஜப்பானிடம் திரும்பிய பிறகும் வண்டிகள் அங்கே வலப்பக்கமே ஓடின. 1978 ஜூலை 29 இரவு 10 மணிக்கு, அவசர ஊர்திகள் தவிர எல்லா வாகனங்களும் நிறுத்தப்பட்டன. மறுநாள் காலை 6 மணிக்கு ஒகினாவா முழுவதும் இடப்பக்கத்துக்கு மாறியது. வாசல் மறுபக்கம் அமைந்த புதிய பேருந்துகள் முன்கூட்டியே வாங்கப்பட்டிருந்தன. 7ஆம் மாதம் 30ஆம் நாள் என்பதால் மக்கள் அந்த மாற்றத்தை இன்றும் 730 என்றே அழைக்கிறார்கள். ஒகினாவாவைச் சேர்ந்த இஷிகாகி தீவில் அதற்கு நினைவுக்கல் உண்டு.

இடப்பக்கம் ஓட்டிப் பழகிய தமிழருக்கு ஜப்பானியச் சாலை அந்நியமாகத் தோன்றாது. அந்த நெருக்கமே கவனத்தைக் குறைத்துவிடக்கூடும் என்பது என் கருத்து. சென்னையின் ‘ஃப்ரீ லெஃப்ட்’ அங்கே பொதுவாக இல்லை. பச்சை அம்புக்குறி வராமல் சிவப்பில் இடப்பக்கம் திரும்புவது குற்றம். தலைகீழ்ச் சிவப்பு முக்கோணப் பலகையைக் கண்டால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். தொடர்வண்டிக் கடவையில் தடுப்புக் கம்பி தூக்கியிருந்தாலும் நின்று, இருபுறமும் பார்த்தே கடக்க வேண்டும். மூச்சுக்காற்றில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் மது இருந்தாலே தண்டனை. ஓட்டுநர் குடித்திருப்பது தெரிந்தும் தம்மை ஏற்றிச் செல்லக் கேட்டுக்கொண்டவரும், அவர் ஓட்டப்போகிறார் என்று தெரிந்தே மது கொடுத்தவரும் தண்டிக்கப்படுவர்.