ஆயர் வரைந்த முக்கோணம்

லிசியே என்றதும் நம் நெஞ்சில் எழுவது குழந்தை இயேசுவின் புனித தெரசாளின் திருமுகமே. அப்புனிதைக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னர் அதே நகரில் ஆயராய் வீற்றிருந்தவர் நிக்கோல் ஒரேம். பொருள்களின் இயக்கத்தைக் கோடுகளால் காட்டும் கலைக்கு வழிகோலியவர்களுள் இவர் தலையாயவர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

நார்மண்டியில் பிறந்த இவர், பாரிசு நகரின் நவார் கல்லூரியில் இறையியல் பயின்று, 1356இல் அதன் தலைவரானார்; 1377இல் ஆயரானார்; 1382இல் இறைவனடி சேர்ந்தார். 1350களில் இலத்தீனில் அவர் இயற்றிய நூலொன்றில், கிடைக்கோடு காலத்தைக் குறித்தது; அதன்மேல் எழும் செங்குத்துக் கோடுகள் அந்தந்தக் கணத்தின் வேகத்தைக் குறித்தன. வேகம் மாறாதிருப்பின் செவ்வகம் தோன்றும். ஓய்விலிருந்து தொடங்கி வேகம் சீராக வளரின் முக்கோணம் தோன்றும். அம்முக்கோணத்தின் பரப்பே கடந்த தொலைவு. வேகம் பத்து நொடிகளில் நொடிக்கு 10 மீட்டராக உயர்ந்தால், கடந்த தொலைவு 50 மீட்டர். நொடிக்கு 5 மீட்டர் என்னும் மாறா வேகத்தில் சென்றாலும் அதே 50 மீட்டர்தான். ஆக்சுபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர் முன்னரே சொல்லால் உரைத்த இவ்வுண்மையை, ஆயர் கண்ணால் காணும்படி செய்தார்.

ஆயினும் அவர் வரைந்தாரேயன்றி அளந்தாரல்லர். சாய்ந்த பலகையில் உருண்டைகளை உருட்டி, வடிந்த நீரை நிறுத்துக் காலத்தைக் கணித்து, காலம் இரு மடங்காயின் தொலைவு நான்கு மடங்காகும் என்று காட்டியவர் கலிலேயோ. 1638இல் வெளிவந்த அவரது நூலிலும் அதே வகை முக்கோணம் காணப்படுகிறது. பூமி இயங்குகிறது என்று கொண்டமைக்காக 1633இல் அவர் தண்டிக்கப்பட்டார். அத்தீர்ப்பின் தவற்றை 1992இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளிப்படையாக ஏற்றார். ஆயரின் பெருமையைச் சொல்லி அத்தவற்றை மறைப்பது நமக்குத் தகாது. அத்தவற்றைச் சொல்லி ஆயரை மறப்பதும் நேர்மையாகாது.

இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் தொலைவு-கால வரைபடம் வரைகின்றனர். அதில் கோடு செங்குத்தாக நிமிர நிமிர வேகம் மிகுதி, படுத்திருந்தால் ஓய்வு, கீழிறங்கினால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புதல். ஒரு புள்ளி, பொருள் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். எத்திசையில் செல்கிறது என்பதைக் கோடே சொல்லும்.

ஊதாரி மைந்தனின் பயணத்தை இவ்வாறு வரைந்து பார்ப்போம். தந்தையின் இல்லத்திலிருந்து ஒரே தொலைவில் அவன் இருமுறை நின்றிருப்பான்: ஒருமுறை விலகிச் செல்கையில், மறுமுறை திரும்பி வருகையில். தொலைவு ஒன்றே, கோட்டின் திசையோ வேறு. தொலைவிலேயே மகனைக் கண்ட தந்தை அத்திசையைக் கண்டார், ஓடினார். திருச்சபையின் கோடும் 359 ஆண்டுகளுக்குப் பின் திரும்பியதன்றோ? நாமோ அயலாரின் வாழ்வில் ஒரு புள்ளியை மட்டும் கண்டு தீர்ப்பெழுதிவிடுகிறோம்.