அரசாங்கப் பள்ளிக்கூடம்தானே, ஃபீஸ் எதுக்கு?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. பலகை பலகையாக விநாயகர்கள் காய்ந்துகொண்டிருந்தார்கள். இன்னும் சூளைக்குப் போகாத, வெளிறிய விநாயகர்கள். ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் துருத்தியிருந்த பிசிறைச் சின்னக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் பத்திரிகையில் பழைய கதை எழுதுகிற ஆள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். தலை நிமிராமலே கேட்டார்.

"சார், பையன் அஞ்சாவது படிக்கிறான். அமராவதி நகர் சைனிக் ஸ்கூலுக்குப் பரீட்சை எழுத வைங்கன்னு வாத்தியார் சொல்றாரு. அது அரசாங்கப் பள்ளிக்கூடம்தானே? அப்புறம் எதுக்கு சார் லட்சக்கணக்குல ஃபீஸ்?"

சட்டென்று பதில் வரவில்லை. வரலாறு எழுதுகிறவனிடம் இப்படிக் கேட்டால் அவன் 1751-லிருந்துதான் ஆரம்பிப்பான். அதுவும் விருத்தாசலத்திலிருந்தே ஆரம்பிக்க இடமிருக்கிறபோது, விடுவானா?

அந்த ஆண்டு நம் பழமலைநாதர் கோயில் கோயிலாக மட்டும் இல்லை. உயர்ந்த மதிலும் கோபுரங்களும் இருந்ததால், கர்நாடகப் போரில் அது ஒரு கோட்டையாகவும் கைமாறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த கம்பெனிப் படைக்குத் தளவாடம் கொண்டுவந்த கூட்டத்தில் இரண்டு இளைஞர்கள்: ஜார்ஜ் பிகாட், ராபர்ட் கிளைவ். கொண்டுவந்ததைச் சேர்த்துவிட்டு ஒரு சிறு சிப்பாய்க் குழுவோடு திரும்பும் வழியில் பாளையக்காரரின் ஆட்கள் மறித்துச் சுட்டார்கள். சிப்பாய்கள் செத்து விழுந்தார்கள். வெள்ளைக்காரர்கள் இருவரும் குதிரையைத் தட்டிவிட்டுத் தப்பினார்கள். பிகாட் பின்னாளில் சென்னையின் கவர்னர் ஆனார். கிளைவ் என்ன ஆனார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செத்த சிப்பாய்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

குதிரையில் போகிறவர் யார், நடந்துபோய்ச் சாகிறவர் யார் என்ற கணக்கு அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகள் பெரிதாக மாறவில்லை. தென்னாட்டுச் சிப்பாய்களை வைத்துத்தான் கம்பெனி இந்தியாவைப் பிடிக்கத் தொடங்கியது. இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை 1758-ல் வைத்துக் கணக்கிடுகிறது. ஆனால் 1880-களில் சென்னைப் படைக்கும், பிறகு இந்தியப் படை முழுமைக்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபுவுக்குத் தென்னாட்டுக்காரர்கள் மேல் நம்பிக்கை இல்லை. வடமேற்கில் இருப்பவர்களே 'போர்க்குடிகள்' என்ற கொள்கை வேரூன்றியது. சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1920-களின் இறுதியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்ட பிறகுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு மறு உயிர் வந்தது.

சிப்பாய் வேலைக்கே இந்த நிலை என்றால் அதிகாரி வேலையைக் கேட்க வேண்டுமா? 1918-க்குப் பிறகே இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இந்தியர்களுக்கு ஆண்டுக்குப் பத்து இடம் கிடைத்தது. அந்தப் பத்துப் பேரைத் தயார் செய்ய 1922-ல் டேராடூனில் வேல்ஸ் இளவரசர் பெயரில் ஒரு ராணுவப் பள்ளி. ஆங்கிலப் பப்ளிக் ஸ்கூலை அப்படியே பெயர்த்து வைத்தது போன்றது அது. சிப்பாய்களின் பிள்ளைகளுக்கென்று ஜீலம், ஜலந்தர் ஆகிய ஊர்களில் ஜார்ஜ் மன்னர் பெயரில் தனிப் பள்ளிகள். ஆக, பெரிய இடத்துப் பிள்ளைக்கு ஒரு வாசல், சிப்பாய் பிள்ளைக்கு ஒரு வாசல். விருத்தாசலத்தில் மண் பிசைகிறவர் பிள்ளைக்கு எந்த வாசலும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து ராணுவத் தளபதி வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தார். 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் குமாரமங்கலம் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஜமீன் குடும்பம். அப்பா டாக்டர் ப. சுப்பராயன் 1926-ல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். பிள்ளை படித்தது ஈட்டனில், பிறகு உல்விச் ராணுவக் கல்லூரியில். அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஈட்டன் வழியாகத்தான் ஒரு தமிழர் ஜெனரல் ஆக முடியும் என்றால், அந்த வழி எத்தனை பேருக்கு?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் வி.கே. கிருஷ்ண மேனன் என்பது வேடிக்கைதான். கோழிக்கோட்டுக்காரர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், அன்னி பெசன்ட் வட்டாரத்திலிருந்து 1924-ல் லண்டன் போனவர். அங்கே பெலிகன் புத்தக வரிசையின் தொடக்ககாலப் பதிப்பாசிரியர்களில் ஒருவர். ஆறு பென்னிக்கு அறிவு நூல் விற்ற வரிசை அது. செயின்ட் பாங்க்ரஸ் பகுதியின் நகர்மன்ற உறுப்பினராக இருந்து பொது நூலகங்களைப் பெருக்கினார். இடதுசாரி, முன்கோபி, தேநீர் மட்டுமே குடித்து உயிர் வாழ்ந்தார் என்று கேலி செய்யப்பட்டவர். 1957-ல் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். ஜெனரல்களோடு ஒத்துப்போகவில்லை. டேராடூன் ராணுவப் பள்ளியில் படித்த ஜெனரல் திம்மையா 1959-ல் அவரோடு மோதி ராஜினாமா கடிதமே கொடுத்தார். பிறகு நேரு பேசித் திரும்பப் பெற வைத்தார்.

மேனன் கொண்டுவந்த திட்டம்தான் சைனிக் பள்ளிகள். அதிகாரி வர்க்கத்தில் வர்க்க ஏற்றத்தாழ்வும் வட்டார ஏற்றத்தாழ்வும் இருக்கின்றன, அவற்றைப் போக்க வேண்டும் என்பது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். சாதாரண வீட்டுப் பையனைப் பத்து வயதில் எடுத்து, விடுதியில் வைத்து, ஆங்கிலமும் கணிதமும் குதிரையேற்றமும் சொல்லிக்கொடுத்து, கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியின் நுழைவுத் தேர்வுக்கு அனுப்ப வேண்டும். பணக்காரர்களின் பள்ளி வடிவத்தை எடுத்து ஏழைகளுக்குக் கொடுப்பது. பெலிகன் புத்தகத்தைக் கட்டிடமாகக் கட்டியதுபோல.

அவருக்கு முன்னோடி ஒன்றும் இருந்தது. 1960-ல் உத்தரப் பிரதேச முதல்வர் சம்பூர்ணானந்த் லக்னோவில் மாநில அரசின் பணத்திலேயே ஒரு சைனிக் பள்ளியைத் திறந்தார். கார்கிலில் இறந்து பரம் வீர் சக்ரா பெற்ற கேப்டன் மனோஜ் குமார் பாண்டே பின்னாளில் அங்கேதான் படித்தார். மேனனின் வரிசையில் முதலாவது 1961 ஜூனில் மகாராஷ்டிரத்தின் சாதாரா. அடுத்த சில மாதங்களில் குஞ்ச்புரா, கபூர்தலா, சித்தோர்கட் என்று வேகம் பிடித்தது. 1962 தொடக்கத்தில் ஆந்திரத்தின் கோருகொண்டா, கேரளத்தின் கழக்கூட்டம். தமிழ்நாட்டின் முறை வந்தது 1962 ஜூலை 16. அன்றைய கோவை மாவட்டம், உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஆனைமலை அடிவாரத்தில், காமராஜர் காலத்தில் கட்டிய அமராவதி அணைக்குப் பக்கத்தில்.

இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்னால் மலை, முன்னால் தண்ணீர், பக்கத்திலேயே முதலைப் பண்ணை. வீட்டு நினைப்பில் ஓடிப்போகலாம் என்று நினைக்கிற பையன் இரண்டு முறை யோசிப்பான்.

பள்ளி திறந்து மூன்று மாதம்தான். அக்டோபர் 20-ம் தேதி சீனப் படை எல்லையைத் தாண்டியது. அந்த மாதம் முடியுமுன் மேனனிடமிருந்து பாதுகாப்புத் துறை பறிக்கப்பட்டது. நவம்பரில் அமைச்சரவையை விட்டே வெளியேறினார். போருக்குத் தயாராகாததற்காக அவரைத் திட்டாதவர்கள் குறைவு, திட்டியதில் நியாயமும் உண்டு. ஆனால் தோற்ற அமைச்சரின் திட்டங்களைக் குப்பையில் போடுகிற நாட்டில், இந்தப் பள்ளிகள் மட்டும் தப்பின. தோல்விக்குப் பிறகு அதிகாரிகள் நிறையப் பேர் வேண்டியிருந்தார்கள். 1963-ல் பரங்கிமலையிலும் அவசரமாக ஓர் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி வந்தது. இன்று நாம் ஓ.டி.ஏ. என்று சொல்கிற இடம்.

இனி ஃபீஸ் விஷயம்.

சைனிக் பள்ளி, அரசுப் பள்ளி என்று நாம் புரிந்துகொள்கிற பொருளில் அரசுப் பள்ளி இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், சைனிக் பள்ளிகள் சங்கம் என்று பதிவு செய்யப்பட்ட ஒரு சங்கம் நடத்துகிறது. முதல்வர் உள்ளிட்ட சில பொறுப்புகளுக்கு முப்படை அதிகாரிகளை மத்திய அரசு அனுப்பும். நிலம், கட்டிடம், உதவித்தொகை ஆகியவை மாநில அரசின் பொறுப்பு. அன்றாடச் செலவு, அதாவது சோறு, சீருடை, ஆசிரியர் சம்பளம் எல்லாம், பெரும்பாலும் பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்து வர வேண்டும். மத்திய அரசு மாமன் மாதிரி, மாநில அரசு சித்தப்பா மாதிரி. இருவரும் கல்யாணத்துக்கு வருவார்கள், மொய்யும் எழுதுவார்கள், சாப்பாட்டுச் செலவு அப்பன் தலையில்.

ஏழைப் பிள்ளைக்கு உதவித்தொகை என்ற கால் இல்லாவிட்டால் மேனனின் மேசை நிற்காது. பெற்றோர் வருமானத்தைப் பார்த்து மாநில அரசு கொடுக்கும் அந்தத் தொகை, ஏறும் கட்டணத்தோடு சேர்ந்து ஏறாத ஒவ்வொரு முறையும், வகுப்பில் உட்கார்கிற பையனின் அப்பா யார் என்பது கொஞ்சம் கொஞ்சமாக மாறும். எந்தச் சட்டத்தையும் திருத்தாமலே ஒரு பள்ளியின் நோக்கத்தை மாற்ற இதைவிட அமைதியான வழி கிடையாது.

மொழி இன்னொரு படி. 1968 ஜனவரியில் அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய மொழித் தீர்மானம், மும்மொழித் திட்டத்தை நீக்கியதோடு, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்றும் கேட்டது. 'சாவ்தான்' என்றால் நிமிர்ந்து நிற்க மாட்டோம் என்று கல்லூரி மைதானங்களில் மாணவர்கள் மறுத்த காலம். அமராவதி நகரிலோ பாடம் ஆங்கிலத்தில்தான், அன்றும் இன்றும். தமிழ் வழியில் ஐந்தாவது படித்துவிட்டுப் போகிற பையன் முதல் ஆண்டில் இரண்டு பரேடு செய்கிறான்: மைதானத்தில் ஒன்று, நாக்கில் ஒன்று.

அரசின் துணையோடு தனி அமைப்பு ஒன்று பள்ளி நடத்துகிற இந்த யோசனை உலகில் வேறு எங்கும் வரவில்லையா? அமெரிக்காவில் வந்தது, அங்கே பெயர் சார்ட்டர் பள்ளி. 1991-ல் மின்னசோட்டா மாநிலம் சட்டம் போட்டுத் தொடங்கிவைத்தது. நம் அரசு உதவி பெறும் பள்ளிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். தனிக்குழு நடத்தும், அரசு பணம் கொடுக்கும், நடுவில் காலவரையறை உள்ள ஓர் ஒப்பந்தம். சொன்னதைச் செய்யாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. மாணவனிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகர மேயர் ஜெர்ரி பிரவுன் இந்த முறையில் ஒரு ராணுவப் பள்ளி தொடங்க நினைத்தார். மேனனைப் போலவே இவரும் ராணுவப் பள்ளி தொடங்குவார் என்று யாரும் எதிர்பார்க்காத ஆள். இளவயதில் ஏசு சபைத் துறவியாகப் பயிற்சி பெற்றவர். கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் நிறைந்த ஏழை நகரத்துப் பிள்ளைகளுக்குச் சீருடை போட்டு வரிசையில் நிறுத்துவதா என்று எதிர்ப்பு கிளம்பியது. நகரக் கல்வி வாரியம் மறுத்தது. பிரவுன் மாநிலக் கல்வி வாரியம் வரை போய் அனுமதி வாங்கினார். கலிஃபோர்னியா தேசியக் காவல் படையின் துணையோடு 2001-ல் ஓக்லண்ட் மிலிட்டரி இன்ஸ்டிடியூட் திறந்தது. அதன் இலக்கு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புவது, படைக்கு ஆள் எடுப்பது இல்லை. எதிர்த்தவர்களின் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே பையனின் அப்பா ஃபீஸ் கட்டவில்லை என்பதை நம் ஊர்ப் பட்டறையிலிருந்து பார்க்கும்போது கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

நம் நாட்டில் 2021 அக்டோபரில் மத்திய அமைச்சரவை புதுப் பாதை ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. தனியார் பள்ளிகள், அறக்கட்டளைகள், மாநில அரசுகள் ஆகியவற்றோடு கூட்டுச் சேர்ந்து 100 புதிய சைனிக் பள்ளிகள். கட்டிடமும் நிர்வாகமும் கூட்டாளியுடையது, பாடத்திட்டமும் பெயரும் சங்கத்துடையது. சார்ட்டர் முறைக்கு நாம் இவ்வளவு பக்கத்தில் வந்தது இதுவே முதல் முறை. பணத்தில்தான் வேறுபாடு. ஒரு வகுப்பில் பாதிப் பேருக்கு, அதிகபட்சம் 50 பேருக்கு, தகுதியும் வருமானமும் பார்த்து, கட்டணத்தில் பாதியை மத்திய அரசு தரும். அதற்கும் ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்ற உச்சவரம்பு. மீதிப் பாதியை யார் தருவது என்றால், மறுபடியும் அப்பாதான். கூட்டாளி யார் என்பதைப் பற்றியும் நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் சண்டை நடந்தது, நடக்கிறது.

அதே காலத்தில் இன்னொரு கதவு திறந்தது. 2018-ல் மிசோரத்தின் சிங்சிப் பள்ளியில் சோதனையாகப் பெண் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். 2021-22-லிருந்து எல்லாச் சைனிக் பள்ளிகளிலும் பத்து சதவீதமோ பத்து இடமோ, எது அதிகமோ அது அவர்களுக்கு. அறுபது ஆண்டுகள் கழித்து.

மேனனின் திட்டம் தோற்றதா? தோற்றது என்று சொல்ல முடியவில்லை. மத்தியப் பிரதேசத்தின் ரேவா, 1962-ல் அமராவதி நகர் பள்ளி திறந்த அதே வாரத்தில் திறந்த சைனிக் பள்ளி. அங்கே ஒரே வகுப்பில் படித்த இருவர், உபேந்திர திவிவேதியும் தினேஷ் திரிபாதியும், 2024-ல் ஒரே ஆண்டில் தரைப்படைக்கும் கடற்படைக்கும் தளபதிகள் ஆனார்கள். ஈட்டனிலிருந்து ரேவாவுக்கு வந்தது சின்னத் தூரம் இல்லை.

இவ்வளவையும் பட்டறையில் சொல்லவில்லை. சொன்னது இதுதான்: ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு 300 மதிப்பெண், அதில் 150 கணக்கு மட்டும். தமிழிலேயே எழுதலாம். மூன்றில் இரண்டு பங்கு இடம் சொந்த மாநிலப் பிள்ளைகளுக்கு, அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடும் உண்டு. உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்தால் பட்டாளத்துக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

அவர் கத்தியை வைத்துவிட்டு, சுண்ணாம்பு படிந்தது போலிருந்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"கணக்கு நல்லாப் போடுவான் சார். தாலுகா ஆபீஸ்ல சர்ட்டிபிகேட்டும் வாங்கிடலாம்." கொஞ்ச நேரம் காய்கிற பலகைகளைப் பார்த்தார். "அந்த உதவித்தொகை வர்றது எப்பவோ வரட்டும். சேரும்போது முதல்ல எவ்ளோ சார் கட்டணும்?"