விசாக முழுநிலவு

வைகாசி விசாகம் என்றதும் திண்டுக்கல் வட்டாரத்தவருக்குப் பழனி முருகனே நினைவுக்கு வருவான். பல ஆண்டுகளில் அதே முழுநிலவையொட்டித்தான் இலங்கையில் வெசாக்கும் வருகிறது. இரண்டில் ஒன்று மற்றதிலிருந்து பிறந்தது என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் தமிழில் அந்நாளுக்கு ஒரு பௌத்த நினைவும் உண்டு.

மணிமேகலையில், புத்தர் பிறந்த வைகாசி விசாகத்தன்று, மணிபல்லவத்தின் கோமுகிப் பொய்கையிலிருந்து ஆண்டுக்கொருமுறை அமுதசுரபி மேலெழுகிறது. அந்நாளில் அங்கே நின்ற மணிமேகலையின் கையை அது அடைகிறது. சாத்தனார் அப்புனித நாளை ஊர்வலத்தில் அல்ல, பசித்தோர்க்குச் சோறிடுவதில் கொண்டுபோய் நிறுத்துகிறார் (காப்பியத்தில் நான் மீண்டும் மீண்டும் திரும்பும் இடம் இதுவே).

பின்னர் தமிழ்நாட்டில் பௌத்தம் மறைந்தது. 1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாசப் பண்டிதர், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் அவர் தொடங்கிய இதழில் பண்டிகைகளையே மறுவாசிப்புச் செய்தார். ஐம்புலன்களை வென்ற புத்தரே இந்திரர், ஆகவே இந்திர விழா புத்தருக்குரியது என்றார். தீபாவளியை நல்லெண்ணெய் கண்டறியப்பட்டதன் நினைவாகக் கண்டார். அவருடைய சொல்லாராய்ச்சியை மொழியியலார் ஏற்பது கடினம். எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்களிடம், இவ்விழாக்கள் முதலில் உங்களுடையவை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.