மின்சாரம் இல்லாத ஊரில் ஒரு மின்வண்டி

மணிமங்கலம் என்ற பெயரை வரலாறு படித்தவர்கள் ஒரு போர்க்களமாகவே அறிவார்கள். நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியைப் புறமுதுகு காட்டச் செய்த இடங்களை வரிசையிட்டுச் சொல்லும் கூரம் செப்பேட்டில் இந்த ஊரின் பெயரும் இருக்கிறது. பின்னால் வந்த சோழர்கள் இங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் கோவில் சுவர்களில் தம் மெய்க்கீர்த்திகளைப் பொறித்து வைத்தார்கள். கொப்பத்துப் போரைப் பாடும் வரிகளை இங்கே படிக்கலாம். கல்லில் வெட்டுகிற செலவை வென்றவர்தான் ஏற்கிறார், ஆகவே தோற்றவர் தரப்பு எந்தச் சுவரிலும் இருப்பதில்லை.

கோவிலைப் பார்த்துவிட்டு ஒரகடம் பக்கம் திரும்பினால் வேறு வகை மெய்க்கீர்த்திகள் தொடங்குகின்றன. இவை தொழிற்சாலைகளின் பெயர்ப்பலகைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் வந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான் கூட்டு ஆலை, 2012இல் டைம்லர் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு. எல்லாம் பெட்ரோல், டீசல் எஞ்சினை நம்பி எழுந்தவை. 2019இல் ஹூண்டாய் இங்கே கோனா மின்காரைக் கோக்கத் தொடங்கியபோது பத்திரிகைகள் அதை ஒரு யுகத்தின் தொடக்கம்போல எழுதின. 2024 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபர்ஸ்ட் சோலாரின் 3.3 கிகாவாட் சூரியத்தகடு ஆலையும் திறக்கப்பட்டது. காலை ஷிப்டுக்குப் போகும் பேருந்துகளின் சன்னல்களில் பெரும்பாலும் இளம்பெண்களின் முகங்கள்தான். ஆலைகளின் தலைமைப் பொறுப்பில் பெண் பெயரைத் தேடினால் வெகுநேரம் தேட வேண்டியிருக்கும்.

இந்தச் சாலையில் இல்லாத ஒருவரைப் பற்றி எழுதவே நாம் இவ்வளவு சுற்றி வந்தோம். பெருநிறுவனங்கள் மின்வண்டிப் பக்கம் திரும்புவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 2008இல், கோயம்புத்தூரில் ஆம்பியர் வெஹிக்கிள்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர் ஹேமலதா அண்ணாமலை.

கோவைக்கு மின்சாரத்தோடு உள்ள உறவு பழையது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் அந்த ஊரில் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின. ஆலைகளுக்கு மோட்டார் வேண்டும், கிணறுகளுக்குப் பம்பு வேண்டும். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937இல் உள்நாட்டிலேயே ஒரு மின்மோட்டாரை உருவாக்கினார்கள். அதன்பின் வார்ப்படச் சாலைகளும் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு வந்தன. மோட்டாரைப் பிரித்துப் பார்க்க அஞ்சாத கைகள் அந்த ஊரில் மூன்று தலைமுறையாக உண்டு.

முன்னோடிகளும் இல்லாமல் இல்லை. சாலக்குடியிலும் கோவையிலும் ஆலை வைத்திருந்த எட்டி கரண்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் 1993இல் 'லவ்பேர்டு' என்ற இரண்டு பேர் போகும் மின்காரை டெல்லி வாகனக் கண்காட்சியில் வைத்தது. சில ஆண்டுகளிலேயே அது சுவடின்றிப் போயிற்று. 2001இல் பெங்களூரிலிருந்து சேத்தன் மைனியின் ரேவா வந்தது. அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அதிகமாகவும் வாங்குபவர்கள் குறைவாகவும் இருந்தார்கள். தொழில்நுட்பம் நன்றாக இருப்பது மட்டும் போதாது என்பதை இவ்விரண்டு கதைகளும் ஏற்கெனவே சொல்லியிருந்தன.

ஹேமலதா சிங்கப்பூரில் தொழில் நடத்திக்கொண்டிருந்தவர். எஞ்சின்களின் காலம் முடிந்து மின்வண்டிகளின் காலம் வரும் என்று ஜப்பானில் நடந்த ஒரு கருத்தரங்கில் பேசப்பட்டதே தம்மையும் கணவரையும் இத்துறைக்குக் கொண்டுவந்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிங்கப்பூரை விட்டுக் கோவைக்குக் குடிபெயர்ந்தார். அன்று மின்ஸ்கூட்டர் விற்ற பலர் செய்த வேலை எளிமையானது: சீனத்திலிருந்து உதிரிபாகங்களைப் பெட்டி பெட்டியாக இறக்குமதி செய்து, இங்கே முறுக்கிப் பூட்டி, பெயரை ஒட்டி விற்பது. நம் சாலைக்கும் வெயிலுக்கும் அவை தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு கன்ட்ரோலர் கருகினால் மாற்றுப்பாகம் கப்பலில் வரவேண்டும், வண்டி மாதக்கணக்கில் திண்ணையில் நிற்கும். ஆம்பியரும் இறக்குமதிப் பாகங்களில்தான் தொடங்கியது. ஆனால் மோட்டார், கன்ட்ரோலர், சார்ஜர் ஆகியவற்றைக் கோவையிலேயே வடிவமைத்துச் செய்வது என்ற முடிவை ஹேமலதா விரைவிலேயே எடுத்தார். செலவு மிகுந்த, மெதுவான வழி அது. நம் பார்வையில் அவருடைய தொழில் வாழ்வின் மையம் இந்த முடிவுதான். பிறகு கிடைத்த விருதுகளும் முதலீடுகளும் இதன் நிழல்கள்.

அடுத்து வந்தது விசித்திரமான காலம். மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2010 நவம்பரில் மின்வண்டிகளுக்கு மானியம் அறிவித்தது. குறைவேக இருசக்கர வண்டிக்கு 4000 ரூபாய், அதிவேக வண்டிக்கு 5000 ரூபாய் வரை. 2012 மார்ச்சில் அது நின்றது. நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் வண்டிகள் விற்ற சந்தை மறு ஆண்டில் 42,000 அளவுக்குச் சரிந்தது, அடுத்த ஆண்டு அதிலும் பாதியாயிற்று. பெட்டி பிரித்துப் பூட்டியவர்கள் கடையைச் சாத்திக்கொண்டு போனார்கள்.

தமிழ்நாட்டில் இதனுடன் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. கோவையின் சிறுபட்டறைகள் வேலையில்லாமல் திறந்து கிடந்தன, அல்லது டீசல் ஜெனரேட்டருக்குக் கூலியை மிஞ்சிய பணத்தைக் கொட்டின. அந்த ஊரில், அந்த ஆண்டில், 'இரவில் சார்ஜ் போட்டுவிட்டுப் பகலில் ஓட்டுங்கள்' என்று ஒரு வண்டியை விற்க வேண்டும்! இதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று இன்று எண்ணிப் பார்ப்பது கடினம். வேடிக்கை என்னவென்றால், அதே மேற்கு மாவட்டத்து மில்காரர்கள்தான் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பித் தாமே காற்றாலைகளை நிறுவியிருந்தார்கள். காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை வெட்டு குறையும், ஐப்பசி வந்ததும் ஊர் மீண்டும் இருளும். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்பது கோவைக்காரருக்கு ஆண்டுதோறும் உடலால் உணர்ந்த பருவநிலை.

ஆம்பியர் அந்தக் காலத்தைத் தாண்டியது எப்படி என்று பார்த்தால், ஸ்கூட்டரை மட்டும் நம்பியிராததே காரணமாகத் தெரிகிறது. மில்லுக்குள் சுமை இழுக்கும் வண்டி, குப்பை அள்ளும் மூன்று சக்கர வண்டி, மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டி என்று, பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பாராத தேவைகளுக்கு அது வண்டி செய்தது. இருசக்கர வண்டியிலும் அதன் கண் பெருநகர் மீது இல்லை, சிற்றூர்கள் மீதே இருந்தது. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டிக்கு ஓட்டுநர் உரிமமும் பதிவும் வேண்டாம். உரிமம் எடுக்க வாய்ப்பே அமையாத பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அந்த வேகமே பெரிய விடுதலை. தொழில்நுட்ப விமர்சகர்கள் இதைப் பொம்மை வண்டி என்றார்கள். பால் கேனை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தவர்களை அவர்கள் கேட்டிருக்கலாம்.

2015 ஏப்ரலில் ஃபேம் என்ற புதிய மானியத் திட்டம் வந்தது. அதே ஆண்டு ரத்தன் டாட்டா தம் சொந்தப் பணத்தை ஆம்பியரில் முதலீடு செய்தார். இன்போசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனும் முதலீட்டாளரானார். ஏழாண்டுகள் வங்கிகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் மின்வண்டி என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருந்த நிறுவனம் ஒரே வாரத்தில் நாளிதழ்களின் வணிகப் பக்கத்துக்கு வந்துவிட்டது. பணத்தைவிடப் பெயரின் பலம் அது.

ஆனால் தரை மீண்டும் நகர்ந்தது. 2018 அக்டோபர் முதல் ஈய-அமில பேட்டரி வண்டிகளுக்கு மானியம் இல்லை என்றாயிற்று. மலிவு விலைக்கு அடிப்படையே அந்தக் கனமான பேட்டரிகள்தாம். லித்தியத்துக்கு மாறுவதென்றால் பெரும் மூலதனம் வேண்டும். அதே 2018இல் டீசல் எஞ்சின்களுக்குப் பெயர்போன பழைய நிறுவனமான கிரீவ்ஸ் காட்டன் ஆம்பியரின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. மூன்று சக்கர ஆட்டோக்களின் டீசல் எஞ்சின் செய்தவர்கள் தம் எஞ்சினுக்கு எமனாக வரவிருப்பதை விலைகொடுத்து வாங்கிக்கொண்டார்கள்! புத்திசாலித்தனமான கொள்முதல்தான். விற்றவர் தோற்றார் என்று சொல்ல நமக்கு மனமில்லை, வென்றார் என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. இத்துறையில் முதலில் நடந்தவர்களின் கால்கள்தான் முள்ளை அகற்றுகின்றன, பாதை பின்னால் வருகிறவர்களின் பெயரில் பதிவாகிறது.

2021 நவம்பரில் ராணிப்பேட்டையில் கிரீவ்ஸின் பெரிய மின்வண்டி ஆலை திறக்கப்பட்டது. ஊழியர்களில் பெரும்பங்கினர் பெண்கள் என்று நிறுவனம் பெருமையோடு அறிவித்தது. அப்போது ஆம்பியரை வேறு நிர்வாகிகள் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாண்டுகள் கழித்து, 2023இல், மத்திய அரசு பல மின்ஸ்கூட்டர் நிறுவனங்கள் உள்நாட்டுப் பாகங்கள் பற்றிய விதியை நிறைவேற்றவில்லை என்று கூறி, பெற்ற மானியத்தைத் திருப்பிக் கேட்டது. அந்தப் பட்டியலில் கிரீவ்ஸின் மின்வாகன நிறுவனமும் இருந்தது, கேட்ட தொகையைச் செலுத்தியும் விட்டது. உள்நாட்டு மோட்டார், உள்நாட்டு சார்ஜர் என்று எந்த மானியமும் கேட்காமலேயே ஒரு பெண் கோவையில் தொடங்கிய பெயரின் மீது அந்தக் கேள்வி வந்து நின்றது. அந்த நாளில் அவர் என்ன நினைத்திருப்பார் என்று நாங்கள் மணிமங்கலம் ஏரிக்கரையில் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சின் நடுவே ஒரு மின்ஸ்கூட்டர் சத்தமில்லாமல் எங்களைக் கடந்து போனது. ஓட்டிய அம்மாளின் பின்னால் கீரைக்கட்டுகள். அது எந்த நிறுவனத்து வண்டி என்று பார்ப்பதற்குள் திருப்பத்தில் மறைந்துவிட்டது.