ஸ்டாக்

ஹைதராபாத் மாதாப்பூரில் 1998-இல் சைபர் டவர்ஸ் திறந்தது. அதைச் சுற்றி ஹைடெக் சிட்டி எழுந்தது. அங்கே நெட்வொர்க் வேலை பார்க்கும் எவர் வாயிலும் புழங்கும் சொல் ‘ஸ்டாக்’. பழைய நார்ஸ் மொழியில் இதன் மூலச் சொல்லுக்கு வைக்கோல் போர் என்று பொருள். ஆங்கிலத்தில் எந்த அடுக்குக்கும் ஆகிவந்தது.

ஈதர்நெட் ஸ்விட்சுகளை ரேக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிட்டால் மட்டும் ஸ்டாக் ஆகிவிடாது. பின்பக்கத்து ஸ்டாக் கேபிளால் அவற்றைப் பிணைக்க வேண்டும். அப்போதுதான் எல்லாம் சேர்ந்து ஒரே ஸ்விட்சாக இயங்கும். நிர்வகிக்க ஓர் ஐபி முகவரி போதும். சிஸ்கோ 3750 வரிசையில் 9 ஸ்விட்சுகள் வரை சேர்க்கலாம். மற்றவற்றை நடத்தும் மாஸ்டர் எது என்பதற்கு 1 முதல் 15 வரை முன்னுரிமை எண் உண்டு. பெரிய எண்ணே வெல்லும். அதை அமைக்காமல் விட்டால், கரண்ட் போய் வந்தபின் நாம் எண்ணாத பெட்டி மாஸ்டராகிவிடலாம். போர்ட் 2/0/14 என்றால் 2 என்பது ஸ்விட்சின் எண், 14 என்பது அதிலுள்ள துளை.

தமிழில் ‘அடுக்கு’ என்று எழுதுகிறார்கள். வைக்கோல் போருக்கு அது சரி. கேபிள் இங்கே முக்கியம் என்பதால் ‘பிணையடுக்கு’ என்றே நான் எழுதுவேன்.