திப்புவின் ராக்கெட்டும் கலாமின் புத்தகமும்: நம் பிள்ளைகள் வரலாறு படித்த விதம்

மைசூரிலிருந்து பெங்களூர் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் காவிரி இரண்டாகப் பிரிந்து ஒரு தீவை அணைத்துக்கொண்டு ஓடுகிறது. அந்தத் தீவுதான் ஸ்ரீரங்கப்பட்டணம். நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அது அந்நிய ஊர் அல்ல. இங்குள்ள ரங்கநாதரை ஆதிரங்கன் என்றும், சிவனசமுத்திரத்தில் உள்ளவரை மத்தியரங்கன் என்றும், திருவரங்கத்தில் பள்ளிகொண்டவரை அந்தியரங்கன் என்றும் வரிசைப்படுத்துவது வைணவ மரபு. ஒரே ஆறு, மூன்று தீவு, மூன்று கோயில். ஊரிலிருந்து உறவினர் வந்தால் சாமுண்டி மலை, பிருந்தாவனம், ஸ்ரீரங்கப்பட்டணம் எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட்டு ராத்திரி ரயிலில் ஏற்றிவிடுவது நம் எல்லோர் வீட்டு வழக்கம்.

அந்த ஊரின் வரலாற்றை மறுபடி சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை வரலாற்றையோ வரலாற்று நூலையோ கையில் எடுத்தால் என்ன நடக்கிறது என்பதை, நான் கண்ட அளவில் பதிவு செய்வதே நோக்கம். மைசூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று மூன்று மொழியிலும் வெளுத்து வாங்கும் பிள்ளைகள்தாம். ஆனால் தமிழில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். கதைப் புத்தகம் கொடுத்தால், "கதைதானே சார், படமா வந்தா பாத்துக்கலாம்" என்பார்கள். கதையல்லாத நூல் என்றாலோ, "எக்ஸாமுக்கு வருமா?" என்பதுதான் முதல் கேள்வி.

2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் அப்துல் கலாம் மறைந்தார். அடுத்த ஞாயிறு வந்த பிள்ளைகள் தாங்களாகவே அவரைப் பற்றிக் கேட்டார்கள். அன்று தொடங்கியதுதான் எங்கள் 'அக்னிச் சிறகுகள்' வாசிப்பு. 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலின் தமிழாக்கம் அது. வாரம் பத்துப் பக்கம், ஆளுக்கு ஒரு பத்தி.

ராமேசுவரத்துச் சிறுவன் படித்தது

அந்த நூலில் பிள்ளைகளை முதலில் பிடித்துக்கொண்டது ராக்கெட் அல்ல, செய்தித்தாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேசுவரம் நிலையத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டதால், பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து தூக்கி எறிவார்கள். அவற்றைப் பொறுக்கி எடுக்கத் தன் உறவினர் சம்சுதீனுக்கு உதவியாகப் போனவர் சிறுவன் கலாம். போர்ச் செய்திகளைத் தினமணியின் தலைப்புகளில் தேடிப் படிப்பாராம். அதே ஊரில் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டிருந்த எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் வீட்டில் புத்தகங்கள் இருந்தன. அங்கு போய் இரவல் வாங்கிப் படித்திருக்கிறார். பிறகு ராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு ஐயாதுரை சாலமோன் என்ற ஆசிரியர் வாய்த்தார்.

எண்ணிப் பாருங்கள். வீட்டில் புத்தக அலமாரி இல்லாத ஒரு பையனுக்கு, ஒருவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரர் பாடம் நடத்தவில்லை, புத்தகத்தைக் கொடுத்தார். எங்கள் பிள்ளைகளில் ஒருவன், "எங்க அபார்ட்மெண்ட்ல நூத்தி இருபது வீடு இருக்கு சார். புக் இருக்கற வீடு எதுன்னே தெரியாது" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாலப்ஸ் தீவில் ஒரு ஓவியம்

நூலில் அடுத்த திருப்பம் 1963. பயிற்சிக்காக அமெரிக்கா சென்ற கலாம், வர்ஜீனியா கடற்கரையில் வாலப்ஸ் தீவில் உள்ள நாசா ஏவுதள வரவேற்பறையில் ஓர் ஓவியத்தைக் காண்கிறார். போர்க்களம், பின்னணியில் பாயும் ராக்கெட்டுகள். ராக்கெட் ஏவும் வீரர்களின் நிறமோ மாநிறம், தென்னாசிய முகங்கள். அருகே போய்ப் பார்த்தால் அது ஆங்கிலேயருடன் திப்பு சுல்தான் படை நடத்திய போர். சொந்த நாடு மறந்ததை உலகின் மறுகோடியில் மாட்டி வைத்திருக்கிறார்களே என்று அவர் மனம் நெகிழ்கிறார். ஆங்கிலேயர் 700க்கு மேற்பட்ட ராக்கெட்டுகளையும், 900 ராக்கெட்டுகளுக்கான உறுப்புகளையும் கைப்பற்றினர் என்றும் எழுதுகிறார்.

இந்தப் பக்கத்தில்தான் வகுப்பு நின்றுபோனது. "சார், திப்புன்னா நம்ம ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்புவா?" நாலு தடவை சுற்றுலா போன பிள்ளைகள்தாம் கேட்டார்கள். பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிற ஊர், வர்ஜீனியா போய்த் திரும்பி வந்த பிறகுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

ராக்கெட்டில் மைசூர்க்காரர்கள் செய்த புதுமை என்ன என்று தேடினோம். சீனாவிலும் வட இந்தியாவிலும் வாணம் பழையது. காகிதம், மூங்கில் போன்றவற்றால் செய்த குழாய் அதிக அழுத்தம் தாங்காது, வெடித்துவிடும். ஐதர் அலி, திப்பு காலத்தில் இரும்புக் குழாயில் மருந்தை இறுக அடைத்து, நீண்ட மூங்கில் கழியில் கட்டினார்கள். இரும்பு அழுத்தம் தாங்கியதால் உந்து விசை கூடி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாய்ந்தது. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி அன்று அவர்களுக்கு ஊர்க்காரர் போல அறிமுகமானது.

1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்து திப்பு இறந்தார். கைப்பற்றிய ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் வூல்விச்சில் புதிய ராக்கெட்டுகளைச் செய்தார். 1807இல் கோபன்ஹேகன் மீதும், 1814இல் அமெரிக்காவின் பால்டிமோர்க் கோட்டை மீதும் அவை பாய்ந்தன. அமெரிக்க தேசிய கீதத்தில் வரும் ராக்கெட் அதுதான். இந்த வழித்தடத்தை விரிவாக ஆராய்ந்தவர் பெங்களூர் விஞ்ஞானி ரொத்தம் நரசிம்மா. 1985இல் மைசூர், பிரிட்டன் ராக்கெட்டுகள் பற்றி அவர் எழுதிய ஆய்வுரையின் எளிய பகுதிகளைப் பிள்ளைகளுடன் சேர்ந்து படித்தோம். ஷிமோகா மாவட்டம் நகரா என்ற ஊரில் பாழுங்கிணற்றிலிருந்து 2018இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய ராக்கெட்டுகள் கிடைத்தபோது, செய்தித்தாளை வெட்டி எடுத்து வந்தவள் அந்த வகுப்பில் படித்த மாணவிதான்.

தரியா தௌலத் சுவர் முன்னே

பிறகு ஒரு ஞாயிறு, பஸ் பிடித்து எல்லோரும் ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். 1784இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் ஒரு பெரிய போர்க்காட்சி இருக்கிறது. நடுவே சதுர வியூகத்தில் ஆங்கிலப் படை, பல்லக்கில் காயம்பட்ட கர்னல் பெய்லி, தீப்பற்றி வெடிக்கும் மருந்து வண்டி. 1780 செப்டம்பர் 10 அன்று நடந்த புள்ளலூர்ப் போர் அது. ஆங்கில நூல்களில் பொல்லிலூர் என்பார்கள்.

"எங்க சார் இருக்கு இந்த ஊர்?"

"காஞ்சிபுரம் பக்கத்துல."

"நம்ம காஞ்சிபுரமா!"

நம்ம காஞ்சிபுரமேதான். அது மட்டுமா? ஏறத்தாழ 1150 ஆண்டுகளுக்கு முன்னும் அதே புள்ளலூரில் மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை முறியடித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அந்தப் பகைவன் சாளுக்கிய இரண்டாம் புலிகேசி என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. காவிரி நீருக்கு முன்பே கன்னட நாட்டுப் படையும் தமிழ் நாட்டுப் படையும் மோதிக்கொண்ட ஊர் அது. பெய்லி சிறைபிடிக்கப்பட்டு இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1782இல் இங்கேயே இறந்தார்.

அந்த மருந்து வண்டி எப்படி வெடித்தது? ராக்கெட் பட்டு என்று சில நூல்கள், பீரங்கிக் குண்டு பட்டு என்று வேறு சில. பிள்ளைகள் கையில் இருந்த இரண்டு புத்தகம் இரண்டு விதமாகச் சொன்னது. "அப்போ சுவரைப் பாத்துச் சொல்லிடலாமே" என்றாள் ஒருத்தி. அந்தச் சுவர்ச் சித்திரமோ அழிந்தும் மங்கியும் போய், டல்ஹவுசி பிரபு காலத்தில் 1855இல் திரும்ப எழுதப்பட்டது. வென்றவர் எழுதச் சொன்ன படம், தோற்றவர் புதுப்பித்த படம். எதை நம்புவது? பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும் போர், அங்கே அரை மணி நேர வாக்குவாதமானது. வரலாற்று நூல் படிப்பதன் பயன் இதைவிட வேறென்ன?

புத்தகமும் பாட்டியும்

வாக்குவாதம் எப்போதும் இவ்வளவு இனிமையாக முடிந்துவிடாது. எங்கள் குழுவில் ஒரு மாணவி மண்டயம் ஐயங்கார் வீட்டுப் பெண். மேலுக்கோட்டைத் தொடர்புள்ள அச்சமூகத்தில் பல குடும்பங்கள் நரக சதுர்த்தசி கொண்டாடுவதில்லை. திப்பு ஆட்சியில் தங்கள் முன்னோர் அந்நாளில் கொல்லப்பட்டார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இன்னொரு மாணவன் வாணியம்பாடித் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையன். அவன் வீட்டில் திப்பு, வெள்ளையனை எதிர்த்து உயிர்விட்ட தியாகி. 2015இல் கர்நாடக அரசு திப்பு ஜயந்தி கொண்டாடத் தொடங்கியதும், 2019இல் அது கைவிடப்பட்டதும், அதையொட்டி எழுந்த சச்சரவும் நாம் அறிந்தவை. வெளியே நடந்த அந்தச் சண்டை எங்கள் பாய்க்கும் வந்துவிட்டது.

"உங்க புக்குல எங்க பாட்டி சொன்னது இல்லையே. அப்போ பாட்டி பொய் சொல்றாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டபோது, கண்ணில் நீர். அந்தப் பையனும் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு வாரம் ஒருவரோடொருவர் பேசவில்லை.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். தன் கட்சிக்கு ஆதாரம் தேடக் கூடாது, எதிர்க் கட்சிக்குத் தேட வேண்டும். பையன் மேலுக்கோட்டைச் செய்தியைத் தேடினான். உடையார் குல அரசி லட்சுமம்மண்ணிக்காக ஆங்கிலேயருடன் தொடர்பு வைத்திருந்த பிரதான் திருமலைராயரின் கதையைப் படித்து வந்தான். கொல்லப்பட்டோர் எண்ணிக்கை, ஆண்டு பற்றி ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதையும், அதனாலேயே ஒரு சமூகம் இத்தனை தலைமுறையாகப் பண்டிகையை விட்டிருப்பதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது என்பதையும் அவனே எழுதிப் படித்தான். பெண் சிருங்கேரிக் கடிதங்களைத் தேடினாள். 1791இல் மராட்டியப் படையின் ஒரு பிரிவு சிருங்கேரி மடத்தைக் கொள்ளையடித்த பிறகு, மடத்துக்கு உதவி அனுப்பித் திப்பு எழுதிய கடிதங்கள் அவை. 1916இல் மைசூர்த் தொல்லியல் துறையின் ஆர். நரசிம்மாச்சார் கண்டெடுத்தார். ரங்கநாதர் கோயிலுக்குத் திப்பு கொடுத்த வெள்ளிப் பாத்திரங்களையும் அவள் குறித்துக்கொண்டு வந்தாள்.

இருவரும் கருத்து மாறிவிட்டார்களா என்று கேட்டால், இல்லை. மாற வேண்டியதும் இல்லை. ஆனால் அதன் பிறகு எந்த நூலைக் கொடுத்தாலும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "யார் எழுதினது? எப்போ? யாருக்காக?" என்பதே. 'எக்ஸாமுக்கு வருமா' என்ற கேள்வி போய் இந்தக் கேள்வி வந்திருக்கிறதே, இது சிறிய மாற்றமா?

திப்புவின் நூலகம்

வாளும் புலியும் மட்டுமே திப்புவின் அடையாளமாகிவிட்டன. அந்தக் கோட்டைக்குள் ஏறத்தாழ 2000 ஏடுகள் கொண்ட நூலகமும் இருந்தது. பெரும்பாலும் அரபு, பாரசீகக் கையெழுத்துப் பிரதிகள்: சமயம், சட்டம், மருத்துவம், வரலாறு, கவிதை. 1799க்குப் பின் அவை கல்கத்தாவுக்கும் இங்கிலாந்துக்கும் பிரிந்து போயின. சார்லஸ் ஸ்டூவர்ட் அவற்றுக்குப் பட்டியல் தயாரித்து 1809இல் கேம்பிரிட்ஜில் அச்சிட்டார். அந்நூல்களில் விலைக்கு வாங்கியவை மிகக் குறைவு, சாவனூர், கடப்பை, கர்நாடகப் பகுதிகளில் போரில் எடுத்து வந்தவையே மிகுதி என்றும் அவர் குறிப்பிடுகிறார். கர்நாடகம் என்று அக்காலத்தில் ஆங்கிலேயர் சொன்னது ஆற்காட்டுச் சீமையை. ஆக, நம் ஆற்காட்டுப் பக்கத்து ஏடுகளும் கொள்ளைப் பொருளாக இத்தீவுக்கு வந்து, மறுபடி கொள்ளைப் பொருளாகக் கடல் கடந்தன. இன்று அந்தத் தீவில் நூலகம் இருந்த சுவடு இல்லை.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் என்பன அவற்றுள் இரண்டு. அவர் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்ததும் 1972இல் மறைந்ததும் நாம் வாழும் இதே கர்நாடகத்தில், பெங்களூரில். நம் பிள்ளைகள் படிப்பதில்லை என்று குறைப்படும் முன், அவர்களுக்குரிய நூல் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

நான் கண்டவரை மூன்று செய்திகள் பயன் தருகின்றன. பிள்ளைக்குத் தெரிந்த இடத்தைப் பற்றிய நூலாகக் கொடுங்கள். ஊர் தெரிந்தால் புத்தகம் பாதி படித்த மாதிரி. ஒரே பொருளில் இரண்டு நூல் கொடுங்கள். முரண்பாடு வந்தால்தான் சிந்தனை வரும். மூன்றாவது, பாட்டி தாத்தா சொல்வதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அதுவும் சான்றாகும்.

தமிழில் எழுத்துக் கூட்டிப் படித்தால் என்ன? தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று மூன்றையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி சென்னைப் பிள்ளைகளுக்கும் வாய்க்காதது. வெளிமாநிலத்தில் வாழ்வதால் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த வரம் அது. நம் சங்க நூலகத்தில் அலமாரிகள் இருக்கின்றன. ராமேசுவரத்து மாணிக்கம் செய்த வேலையை நாமும் செய்யலாம். கதவைத் திறந்து வைத்தால் போதும்.