மேடையிலிருந்து மருத்துவ ஏட்டுக்கு: கேலனின் நூல்களில் கிரேக்கத் துன்பியல் மேற்கோள்கள்

முன்னுரை

கி.பி. 129இல் பெர்கமோன் நகரில் பிறந்த மருத்துவர் கேலன், நரம்பையும் தசையையும் அறுத்துக் காட்டிப் பாடம் நடத்தியவர். அவருடைய நூல்களில் யூரிப்பிடீஸ், சோபோக்ளீஸ், எஸ்கிலஸ் ஆகியோரின் நாடக அடிகள் பல இடங்களில் வருகின்றன. அவை அங்கே எப்படி வந்து சேர்ந்தன, என்ன பணி செய்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சாட்சியாக வந்த கவிதை

கி.மு. 3ஆம் நூற்றாண்டின் ஸ்டோயிக் தத்துவஞானி கிரிசிப்பஸ், ஆன்மாவின் ஆளும் பகுதி இதயத்தில் இருப்பதாகக் கொண்டார். அதற்குச் சான்றாக ஹோமரையும் யூரிப்பிடீஸையும் அடுக்கினார். ஒரு நூலில் யூரிப்பிடீஸின் ‘மெதேயா’ நாடகத்தை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்தாண்டதால், அந்நூலையே ‘கிரிசிப்பஸின் மெதேயா’ என ஒருவர் குறிப்பிட்டதாகத் தத்துவஞானிகளின் வரலாற்றை எழுதிய டயோஜெனஸ் லயர்ட்டியஸ் பதிவு செய்கிறார்.

‘ஹிப்போக்ரட்டீஸ், பிளேட்டோ ஆகியோரின் கோட்பாடுகள்’ என்ற நூலில் கேலன், ஆளும் பகுதி இதயத்தில் உள்ளது என்ற கிரிசிப்பஸின் கருத்தை மறுத்தார். உறுப்பின் தொழிலை அறியக் கவிஞர் வாக்கு அறிவியல் சான்றாகாது என்பது அவர் வாதம். குரல்வளைக்குச் செல்லும் நரம்புகளைக் கட்டினால் விலங்கின் குரல் அடங்குவதைப் பலர் முன்னிலையில் காட்டி, குரலை ஆள்வது மூளை என்று நிறுவினார்.

ஆயினும் அந்நாடகத்தின் தலைவி மெதேயாவை அவர் கைவிடவில்லை. பிள்ளைகளைக் கொல்வது தீது என அறிந்தும் அவளைச் சினம் வெல்கிறது. அறிவும் சினமும் வெவ்வேறு ஆற்றல்கள் என்ற பிளேட்டோவின் கருத்துக்கு இது பொருந்துகிறது. கிரிசிப்பஸ் அழைத்த சாட்சியே அவருக்கு எதிராகப் பேசுவதாகக் கேலன் காட்டினார்.

சொற்பொருளுக்குத் துணை

ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் ‘எபிடெமிக்ஸ்’ ஆறாம் பகுதியில், ஒருவகைக் காய்ச்சலைக் குறிக்க ‘பெம்பிக்ஸ்’ என்ற அருஞ்சொல்லின் வழிவந்த அடைமொழி வருகிறது. அதற்கு உரை எழுதுகையில் கேலன் நாடகங்களைத் துணைக்கழைத்தார். காற்று, கதிர், துளி என அச்சொல் ஏற்கும் பொருள்களுக்கு எஸ்கிலஸின் அடிகளையும், சோபோக்ளீஸின் ‘கொல்கிய மகளிர்’, ‘சல்மோனியஸ்’ ஆகியவற்றின் அடிகளையும் மேற்கோள் காட்டினார். இவ்விரு நாடகங்களும் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. கொப்புள நோய் ஒன்றை இன்றைய மருத்துவம் ‘பெம்பிகஸ்’ என அழைப்பதும் அச்சொல்லின் வழியே.

துயரில் மருந்து

192இல் ரோமில் பரவிய தீயில் கேலனின் நூல்களும் அரிய மருந்துகளும் அழிந்தன. அதன்பின் எழுதிய ‘துயரின்மை’ என்ற கடிதநூலில், வரக்கூடிய இடர்களை முன்கூட்டியே மனத்தில் பழகிக்கொள்ளும் நாடகப் பாத்திரமான தீசியஸைப் பற்றிய யூரிப்பிடீஸின் அடிகளை எடுத்தாண்டார். அவற்றை ‘ஹிப்போக்ரட்டீஸ், பிளேட்டோ ஆகியோரின் கோட்பாடுகள்’ நூலில் தத்துவ விவாதத்தின் நடுவே காட்டியவர், இப்போது தம் இழப்பைத் தாங்கும் பயிற்சியாகக் கொண்டார். தொலைந்ததாகக் கருதப்பட்ட இந்நூலின் கிரேக்க மூலம், 2005இல் தெசலோனிக்கியின் விளாதாதோன் மடத்துச் சுவடி ஒன்றில் கண்டறியப்பட்டது.

முடிவுரை

கவிதையின் அதிகார எல்லையைக் கேலன் தெளிவாக வகுத்தார். உடலமைப்பைத் தீர்மானிக்கும் உரிமை கத்திக்கே உரியது. மனத்தின் போராட்டம், சொல்லின் பொருள், துயரைத் தாங்கும் வழி ஆகியவற்றில் நாடகக் கவிஞரின் வாக்குக்கு இடமுண்டு. மருத்துவத்துக்காக அவர் எழுதிய உரை, மறைந்த நாடகங்களின் சில அடிகளையும் காப்பாற்றித் தந்திருக்கிறது. கிரேக்க நாடகத்தை ஆராய்வோர் கேலனையும் படித்தாக வேண்டும்.